சிறுநீர்ப்பைக் கல்: குழந்தைக்கு ஒரு காரணம், முதியவருக்கு மற்றொன்று

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகம், வராக மூர்த்தியின் கோயிலையும் அதன் விசாலமான குளத்தையும் கொண்ட பழைய குடியிருப்பாகும். கோட்டையைச் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் மலையாளம் பேசும் குடும்பங்களும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன. அங்கு வீடுதோறும் சென்று விசாரிக்கும் சுகாதார ஊழியர் ஒருவர், சிறுநீர் சம்பந்தமான உபாதைகளைப் பற்றி வினவுவாராயின், பல வீடுகளில் ஒரே விதமான விடையைப் பெறுவார். வீட்டுப் பெரியவர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்கிறார்; நெடுநேரம் காத்து நின்றாலும் நீர் மெல்லிய தாரையாகவே இறங்குகிறது; முழுவதும் கழிந்ததென்ற திருப்தி அவருக்கு உண்டாவதில்லை. ஆனால், சிறுநீர்ப்பையில் கல் தோன்றி வேதனையால் துடிக்கும் மூன்று வயதுக் குழந்தையை அவ்வூழியர் காண்பது மிக அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாப், சிந்து, ரோகில்கண்ட் முதலிய பிரதேசங்களில் இருந்த ஜில்லா ஆஸ்பத்திரிகளின் நிலைமை வேறு. அங்கே கல் எடுப்பதற்கென்று தூக்கிவரப்பட்டோருள் சிறுவர்கள் திரளாக இருந்தனர். ஒரே உறுப்பு, அதனுள்ளே தோன்றுவதும் பார்வைக்கு ஒரே மாதிரியான கல். இருந்தும் ஓரிடத்தில் அது சிறுவரைப் பற்றியது. மற்றோரிடத்தில் முதியவரைப் பற்றுகிறது. நம் மக்கள் இரண்டையும் ‘கல்லடைப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறித்து, நெருஞ்சிலையும் சிறுகண்பீளையையும் கஷாயமிட்டு இரண்டுக்கும் ஒன்றுபோலவே கொடுத்து வந்தனர். சொல் ஒன்றாக இருந்தமையால் நோயும் ஒன்றே என்று எண்ணப்பட்டது. அவ்வாறன்று என்பது தெளிவாவதற்கு நெடுங்காலம் சென்றது. அவ்விளக்கத்தின் முக்கியமான பகுதி நீலகிரியிலுள்ள குன்னூரில் நடைபெற்றது.

சிறுநீர்ப்பை என்பது தசையாலான ஒரு தேக்கம். சிறுநீரகங்களிலிருந்து இரு குழாய்களின் வழியே சொட்டுச் சொட்டாக வரும் நீரை அது சேர்த்து வைத்துக்கொண்டு, உரிய வேளையில் சுருங்கி வெளியேற்றுகிறது. நீரில் கரைந்துள்ள உப்புக்கள் சாதாரணமாகக் கரைந்த நிலையிலேயே வெளியேறிவிடும. நீரின் அளவு குறைந்தாலும், உப்புக்களின் விகிதம் மாறினாலும், நீர் முற்றும் வெளியேறாமல் அடியில் தேங்கினாலும் அவை படிகமாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகின்றன. விகித மாறுபாடே குழந்தையின் கல்லுக்குக் காரணம். தேக்கமே முதியவரின் கல்லுக்குக் காரணம். இன்று ஒரு வாக்கியத்தில் கூறிவிடக்கூடிய இவ்வுண்மையை அடைய அறுவை மருத்துவமும் உணவு ஆராய்ச்சியும் தனித்தனி வழிகளில் நடந்து வர வேண்டியிருந்தது.

குழந்தைகளுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது என்பதை நம் முன்னோர் அறியாமலில்லை. சுசுருத சம்ஹிதை இதைத் தெளிவாகவே கூறுகிறது. அதற்கு உணவுப் பழக்கங்களைக் காரணமாகவும் சுட்டுகிறது. குழந்தையின் உடலில் தசைப் பற்று குறைவு, பையும் சிறிது. ஆதலால் கல்லைப் பற்றி எடுப்பது எளிது என்று அறுவை செய்வோனுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பையும் அந்நூல் தருகிறது. அறுக்காவிடில் மரணம் நிச்சயம், அறுத்தால் பிழைப்பது ஐயத்துக்குரியது. ஆகவே அரசனிடம் அனுமதி பெற்ற பின்னரே கத்தியை எடுக்க வேண்டும் என்று அது விதிப்பதிலிருந்து, அச்சிகிச்சை எத்துணை அபாயகரமானதாக இருந்தது என்பதை உணரலாம். மயக்க மருந்தோ கிருமி பற்றிய அறிவோ இல்லாத காலம் அது. ஐரோப்பாவிலும் நிலைமை இதைவிட மேலாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்து நார்போக் பகுதி சிறுவர் கல்நோய்க்குப் பேர் பெற்றிருந்தது.

1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் பிகிலோ ஒரு புதிய முறையை வெளியிட்டார். வயிற்றையோ அடித்தசையையோ கிழிக்காமல், சிறுநீர்த்தாரையின் வழியே ஒரு கருவியைச் செலுத்திக் கல்லைப் பையினுள்ளேயே நொறுக்கி, அத்தூளை நீர் பாய்ச்சி உறிஞ்சி வெளியேற்றுவது அம்முறை. முழுவதையும் ஒரே அமர்வில் முடிப்பதே அதன் புதுமை. எனினும் குழந்தைகளின் தாரை மிகக் குறுகியதாகையால், அவர்களுக்கு இது பொருந்தாதென்று மேனாட்டு நிபுணர்கள் கருதினர். அக்கருத்தை மறுத்துக் காட்டியவர் இந்தூரில் பணியாற்றிய கீகன் என்னும் மருத்துவர். சிறிய அளவிற் செய்த கருவிகளைக் கொண்டு சிறுவர்களுக்கும் அவர் அம்முறையையே கையாண்டு வெற்றி கண்டார். இந்தியாவின் சிற்றூர்களிலிருந்து கழுதைப் பாதைகளிலும் கட்டை வண்டிகளிலும் வந்த நோயாளிகளின் மிகுதியே இத்தகைய கைத்திறனை வளர்த்தது என்பதை மறத்தலாகாது. லண்டன் நிபுணர் வாழ்நாள் முழுவதிலும் காணாத எண்ணிக்கையை ஒரு ஜில்லா மருத்துவர் சில ஆண்டுகளிலேயே கண்டார்.

அத்தகையோருள் தலைசிறந்தவர் பீட்டர் பிரேயர். 1851-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1875-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து மொராதாபாத், பரேலி முதலிய ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். நூற்றுக்கணக்கான கற்களை நொறுக்கி எடுத்து அனுபவத்தை நூலாகவும் எழுதினார். ராம்பூர் நவாபின் கல்லை அகற்றியதற்காக ஒரு லட்சம் ரூபாய் அவருக்கு வழங்கப்பட்டதென்பதும், அப்பணத்தைப் பற்றி அரசாங்கத்துக்கும் அவருக்கும் வழக்காடல் மூண்டதென்பதும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. கதை சுவையானதுதான், ஆனால் பிரேயருடைய வாழ்க்கையில் நம் கவனத்துக்குரியது அதுவன்று. கல்லை எடுப்பதில் இணையற்ற அவர், அது ஏன் தோன்றுகிறது என்னும் வினாவை அணுகவில்லை. நொறுக்கிய கல் சில குழந்தைகளுக்கு மீண்டும் தோன்றியது. நோயுற்ற குழந்தையின் கிராமத்திலிருந்து அடுத்த ஆண்டு வேறொரு குழந்தை வந்தது. கருவி எவ்வளவு திருந்தினாலும் வரிசை குறையவில்லை.

அவ்வினாவை எடுத்துக்கொண்டவர் ராபர்ட் மக்காரிசன். அயர்லாந்திலே 1878-இல் பிறந்த இவரும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவரே. இளமையில் கில்கிட் பகுதியில் முன்கழுத்துக் கழலையைப் பற்றி ஆராய்ந்தபோது, மாசுபட்ட நீரைத் தாமே பருகிச் சோதனை செய்தவர். முதல் உலகப் போரின் முடிவுக் காலத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் உணவுக் குறை நோய்கள் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். 1923-இல் அரசாங்கச் சிக்கனத்தின் பேரில் அது நிறுத்தப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்று, அவ்வாராய்ச்சியே உணவு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1958-ஐ ஒட்டி அச்சாலை ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. சில ஆயிரங்களை மிச்சப்படுத்த வேண்டி 1923-இல் மூடியது மூடியபடியே இருந்திருப்பின் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை இன்று கணக்கிட இயலாது.

மக்காரிசன் இரு வழிகளில் ஆராய்ந்தார். முதலாவதாக, பல மாகாணங்களின் ஆஸ்பத்திரிக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தார். வடமேற்கே கோதுமை உண்ணும் பிரதேசங்களில் கல்நோய் மிகுந்தும், தெற்கே அரிசி உண்ணும் சென்னை மாகாணத்தில் குறைந்தும் இருப்பது புலனாயிற்று. தென்னாட்டு உணவைப் பல விதங்களிற் குறைவுடையதென்று கண்டித்து வந்தவர் அவரே என்பதை எண்ணும்போது, இம்முடிவு அவருக்கே வியப்பளித்திருக்க வேண்டும். வலிமை மிக்க பஞ்சாப் விவசாயியின் உணவை அவர் போற்றியவர். ஆனால் போற்றப்பட்ட அவ்வுணவு கோதுமை ரொட்டி மட்டுமன்று. பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறிகளும் சேர்ந்தது. ஏழையின் வீட்டில் ரொட்டி இருந்தது, மற்றவை இல்லை.

இரண்டாவது வழி எலிகள். வைட்டமின் ‘ஏ’ குறைந்த உணவில் வளர்ந்த எலிகளுக்குச் சிறுநீர்க் கற்கள் தோன்றுவதை அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்போர் 1917-லேயே கண்டிருந்தனர். குன்னூரில் மக்காரிசன் வெள்ளெலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, தானியமே மிகுதியாகவும் பால் முதலியன இல்லாமலும் அமைந்த உணவுகளைக் கொடுத்து வந்தார். அவற்றின் சிறுநீர்ப்பைகளில் கற்கள் தோன்றின. உணவில் சுண்ணாம்புச் சத்தின் விகிதம் ஏறினால் தொல்லை மிகுந்தது. பாஸ்பேட்டு சேர்த்தால் குறைந்தது. போதிய அளவு பால் சேர்த்த கூட்டத்தில் கல்லே தோன்றவில்லை. 1920-களின் பிற்பகுதியில் இம்முடிவுகள் தொடர்ந்து வெளியாயின. 1931-இல் இந்தியாவில் கல்நோயின் காரணம் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அச்சாயிற்று. கத்தியும் இடுக்கியும் இன்றி, ஒரு கிண்ணம் பாலினால் தடுக்கக்கூடியது இந்நோய் என்று நிறுவியதே அவருடைய வெற்றி.

அவர் கூறிய அனைத்தும் நிலைத்துவிட்டன என்று கொள்வதற்கில்லை. வைட்டமின் ‘ஏ’க்கு அவர் அளித்த முதன்மையைப் பின்வந்தோர் குறைத்தனர். கோதுமையின் மேல் வீழ்ந்த பழியும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அத்திருத்தம் தாய்லாந்திலிருந்து வந்தது.

1960-களில் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள உபோன் பகுதியில் அரீ வல்யாசேவி, ஸ்காட் ஹால்ஸ்டெட் ஆகியோரின் குழு கிராமக் குழந்தைகளை நுணுகி ஆராய்ந்தது. அங்கு உண்பது கோதுமையன்று, பசையுள்ள அரிசி. இருந்தும் குழந்தைகளுக்குக் கல்நோய் மிகுதி. அரிசியுண்ணும் தென்னிந்தியாவில் அரிதான நோய், அரிசியுண்ணும் உபோனில் பெருகியிருப்பது எங்ஙனம்? விடை தொட்டிலருகே கிடைத்தது. பிறந்த சில நாட்களிலிருந்தே தாய்ப்பாலுடன் அரிசிச் சோற்றை மென்று பிசைந்து ஊட்டும் வழக்கம் அக்கிராமங்களில் இருந்தது. பச்சிளங் குழந்தையின் சிறிய வயிறு சோற்றால் நிரம்பிவிடவே, பால் குறைந்தது. நகரத்துக் குழந்தைகளைக் காட்டிலும் கிராமக் குழந்தைகளின் சிறுநீரில் படிகங்கள் மிகுந்திருந்தன. பாஸ்பேட்டு உப்பைக் கொடுத்தபோது ஆக்சலேட் படிகங்கள் மறைந்தன.

இதன் இரசாயனத்தை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாக விளக்கலாம். உடலில் உண்டாகும் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது அதைச் சுமந்து செல்லத் துணைப் பொருள்கள் தேவை. பாஸ்பேட்டு அவற்றுள் ஒன்று, அம்மோனியா மற்றொன்று. தானியம் ஒன்றையே உண்ணும் குழந்தையின் நீரில் பாஸ்பேட்டு குன்றுகிறது. (கோதுமையில் பாஸ்பரஸ் உண்டெனினும், பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் கட்டுண்டு கிடப்பதால் உடலுக்கு எளிதில் பயன்படுவதில்லை.) சிறுநீரகம் அம்மோனியாவையே கூடுதலாக நாடுகிறது. அம்மோனியா மிகுந்த நீரில் யூரேட் உப்பு அம்மோனியம் யூரேட்டாகப் படிகிறது. வெயிற் காலத்து வயிற்றுப்போக்கும் சேர்ந்து நீர் வற்றினால் படிகம் கல்லாகிறது. இந்நாடுகளின் குழந்தைக் கற்களை உடைத்துச் சோதித்தால் அம்மோனியம் யூரேட்டும் கால்சியம் ஆக்சலேட்டுமே பெரும்பாலும் காணப்படுவது இதனாலேயே. பெண் குழந்தைகளின் தாரை குட்டையாகவும் அகன்றும் இருப்பதால் துகள் சிறியதாக இருக்கும்போதே வெளியேறிவிடுகிறது; ஆண் குழந்தைகளே பெரும்பாலும் துன்புறுகின்றனர்.

ஆக, குற்றவாளி கோதுமையுமன்று, அரிசியுமன்று; தானியத்தோடு வேறெதுவும் இல்லாமையும், அத்தானியம் காலத்துக்கு முன்னே பாலின் இடத்தைப் பற்றுதலுமே ஆகும். பால், மோர், பருப்பு, முட்டை, மீன் ஆகியவை பாஸ்பரசும் புரதமும் தருவன. நார்போக்கில் கருவிகளின் உதவியின்றியே, குழந்தை உணவு திருந்தியதுடன் கல்நோயும் தேய்ந்து மறைந்தது. இந்தியாவிலும் இது பெரிதும் குறைந்துவிட்டது. திருவனந்தபுரம் போன்ற நகரங்களின் மருத்துவமனைகளில் இப்போது காண்பவை பெரும்பாலும் வயது வந்தோரின் சிறுநீரகங்களில் தோன்றும் கால்சியம் ஆக்சலேட் கற்களே. அது வேறு நோய். எனினும் வறுமை மிகுந்த பகுதிகளில் குழந்தையின் பைக்கல் இன்னும் தலைகாட்டுகிறது.

முதியவரின் கல்லுக்கு வருவோம். இங்கு மீண்டும் பிரேயரையே சந்திக்கிறோம். ஓய்வு பெற்று லண்டன் சென்ற அவர் 1897-இல் செயின்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் அமர்ந்தார். அவ்வாஸ்பத்திரியே கல்நோய்க்கென ஏற்பட்டது. அங்கு வந்தவர்களோ மொராதாபாத்துச் சிறுவர்களல்லர். கல்லோடு கூட நீர்க்கட்டும் உடைய கிழவர்கள். கல்லை எடுத்தால் மட்டும் இவர்கள் குணமடையார், தடையை நீக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. தடை எது?

ஆணின் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி, தாரையை அணைத்தாற்போல், புராஸ்டேட் என்னும் சுரப்பி அமைந்திருக்கிறது. வாலிபத்தில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். கொட்டைப்பாக்கினும் சற்றுப் பெரிது. நடு வயதுக்குப் பின் அது மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபதை எட்டும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தவருள் மிகப் பெரும்பாலோருக்கும் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. இது புற்றுநோயன்று. ஆனால் நடுவே செல்லும் தாரை நசுங்குவதால், பை முழுதும் காலியாவதில்லை; தேங்கிய நீரில் கிருமியும் கல்லும் குடியேறுகின்றன.

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, 69 வயதான ஒருவரின் அடிவயிற்றைத் திறந்து, பையின் உள்ளே விரலைச் செலுத்தி, ஆரஞ்சுப் பழத்தின் தோலிலிருந்து சுளையை உருவுவதுபோல், வளர்ந்த பகுதியை முழுதாகப் பெயர்த்தெடுத்தார் பிரேயர். மறு ஆண்டு ஜூலையில் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1912-இல் ஆயிரமாவது நோயாளியைப் பற்றி எழுதினார். நியூயார்க்கின் புல்லர் தமக்கு முன்பே இதைச் செய்தவர் என்ற வாதம் நியாயமானதே. முதற் புகழ் யாருக்குரியதாயினும், அச்சிகிச்சையை உலகறியச் செய்தவர் பிரேயர் என்பதில் ஐயமில்லை. பின்னர் தாரை வழியே மின் வளையத்தால் செதுக்கும் முறையும் லேசர் முறையும் வந்து, வயிற்றைத் திறக்கும் தேவை மிகவும் குறைந்தது. தொடக்க நிலையில் மாத்திரைகளே பலருக்குப் போதுமானவை.

களத்தில் பணியாற்றுவோர் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்ற போதனை வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்கு மட்டும் ஏற்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். சிறுநீர்ப்பையையும் அதுவே காக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் கஞ்சியையோ குழைந்த சோற்றையோ தனியாக ஊட்டாமல் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றுள் குடும்பத்துக்கு இயன்றதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தாராளமாகக் கொடுக்கப்பட வேண்டும். நீர் பெய்து கொண்டிருக்கையில் திடீரென்று தாரை நின்று, குழந்தை வீரிட்டழுது, குறியைப் பிடித்து இழுத்து, நிலை மாறியதும் மீண்டும் நீர் வருமாயின், கல்லைச் சந்தேகித்து ஒலியலைச் சோதனைக்கு அனுப்புவது கடமை. பள்ளியில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் சிறுவன் எப்போதும் பாடத்துக்கு அஞ்சியே கேட்கிறான் என்று ஆசிரியர் முடிவு கட்டலாகாது.

முதியோரிடத்தில் இடர் வேறு. அவர்கள் சொல்வதில்லை. இளம் பெண் ஊழியரிடம் சொல்லக் கூசுகின்றனர். மகனிடம் சொல்வதையும் கௌரவக் குறைவாக எண்ணுகின்றனர். இரவில் எழ வேண்டியிருக்கிறதே என்று பகலிலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். அதனால் நீர் அடர்ந்து கல் தோன்ற மேலும் இடமாகிறது. மாலைக்குப் பின் குறைத்து, பகலில் வேண்டிய அளவு பருகுவதே முறை. ஜலதோஷத்துக்கென்று கடையில் வாங்கி உண்ணும் சில மாத்திரைகள் நீரை அடியோடு கட்டிவிடக்கூடும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். நீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிடினும், தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புராஸ்டேட்டிலோ பையிலோ புற்றுநோய் உண்டா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

திடீரென்று நீர் முற்றும் அடைபட்டவரை அழைத்துச் செல்ல எவரும் தூண்ட வேண்டியதில்லை. வலியே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும். கவனத்துக்குத் தப்புகிறவர் மற்றொருவர். அவருக்கு வலி இல்லை. படுக்கை நனைகிறது, நாள் முழுதும் சொட்டுகிறது, வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் துணியை மாற்றி விடுகின்றனர். உண்மையில் அவருடைய பை ஒருபோதும் காலியாவதில்லை. நிரம்பி வழிவதே சொட்டுகிறது. பையின் அழுத்தம் மேல்நோக்கிச் சென்று இரு சிறுநீரகங்களையும் ஓசையின்றிப் பாழாக்கி வருகிறது. அத்தகையவரை மல்லாந்து படுக்கச் செய்து தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தால், நீர் நிறைந்த பை உருண்டையாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அவரை அன்றே அனுப்ப வேண்டும். அடுத்த சுற்று வரும்வரை காத்திருத்தல் கூடாது.